ஊரை நாடிய உளமருத்துவம்

நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து உதவுவோன் என்னும் நான்கும் கூடியதே மருத்துவம் எனத் திருக்குறளின் மருந்து அதிகாரம் இறுதிக்கண் வகுத்துரைக்கின்றது. இவற்றுள் முதல் மூன்றும் எவர்க்கும் எளிதிற் புலனாவன. நான்காவதோ பெரிதும் மறக்கப்படுவது. உடல்நோயினும் உளநோய்க்கே இத்துணை மிகுதியும் வேண்டப்படும். இலங்கையில், சிறப்பாக மன்னார் உள்ளிட்ட வடபுலத்தில், உளமருத்துவம் கடந்து வந்த ஒன்றரை நூற்றாண்டை நோக்குமிடத்து, அது இந்நான்காம் உறுப்பை இழந்து, பின்னர்த் தேடிப்பெற்ற வரலாறாகவே காணப்படுகின்றது. இளைஞரைப் பொறுத்தவரை அத்தேடல் இன்னும் முற்றுப்பெறவில்லை என்பதை ஈண்டுக் காட்ட முயல்வாம்.

மன்னார்ப் பெருநிலப்பரப்பில் நானாட்டானை அடுத்துள்ள நறுவிலிக்குளம், மரத்தாலும் குளத்தாலும் பெயர்பெற்ற பல ஊர்களுள் ஒன்று. வயலும் கடலும் வாழ்வளிக்கும் இத்தகைய ஊர்களில், முன்னாளில் ஒருவன் மனங்கலங்கினால் அவனைச் சூழ்ந்து நின்றோர் உற்றாரே. கோயிலில் நேர்ந்தனர், தேவாலயத்திற் செபித்தனர், நாட்டு வைத்தியரை நாடினர், பேய் பிடித்ததென்று கருதியவிடத்துக் கழிப்புச் செய்தனர். இம்முறைகளிற் கொடுமையும் இருந்தது. சங்கிலியும் பிரம்பும் மருந்தென எண்ணப்பட்டதுண்டு. ஆயினும் நோயாளி தன் ஊரையும் மொழியையும் இழந்தானல்லன்.

பிரித்தானியர் ஆட்சியில் 1873ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் சித்தசுவாதீனமற்றோரைப் பற்றி விதித்தது. மனநோய் நீதிமன்றத்தால் தீர்மானிக்கப்படும் பொருளாயிற்று. காவலும் அடைப்பும் அதன் பரிகாரமாயின. கொழும்பை அடுத்த அங்கொடையில் 1926இல் பெரிய மனநோய் மருத்துவமனை எழுந்தது. மன்னாருக்கும் அதற்குமிடையே ஏறத்தாழ 300 கிலோமீற்றர். 1914இல் தலைமன்னாருக்கு இருப்புப்பாதை வந்துவிட்டதாதலின் ஒருவனை அங்குக் கொண்டுசெல்லுதல் அரிதன்று. தன் மொழி அரிதாகவே வழங்கும் இடத்திலிருந்து அவன் மீண்டு வந்து மனிதனாக மதிக்கப்படுதலே அரிதாயிற்று. மருத்துவனும் மருந்தும் கிடைத்தவிடத்து உடனிருப்போன் இல்லாதொழிந்தான். ஓர் இடத்தின் பெயரே வசைச்சொல்லாக மாறியமை இதன் விளைவாம்.

இந்நிலை மாறத் தொடங்கியது போர்க்காலத்திலே என்பது வியத்தற்குரியது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1978இல் மருத்துவ பீடம் தோன்றிற்று. அங்கு உளமருத்துவப் பேராசிரியராகப் பணியாற்றிய தயா சோமசுந்தரம் போரினால் விளைந்த உளக்காயங்களைத் தமிழில் ‘மனவடு’ என்னும் நூலிலும், 1998இல் ஆங்கில நூலொன்றிலும் ஆராய்ந்தார். உளவளத்துணைப் பணிக்கெனச் ‘சாந்திகம்’ என்னும் நிறுவனம் 1987இல் யாழ்ப்பாணத்தில் நிறுவப்பட்டது. உளமருத்துவர் மிகச் சிலராக, துன்புற்றோர் எண்ணிலராக இருந்தமையின், ஆசிரியர்க்கும் கிராம மட்டப் பணியாளர்க்கும் பயிற்சியளிப்பதன்றி வேறு வழி இருக்கவில்லை. அகதிகளின் உளநலம் பற்றி உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட கைநூல் இதன்பொருட்டுத் தமிழர் வாழ்வுக்கேற்பத் திருத்தியமைக்கப்பட்டது. தனிமனிதர் மட்டுமன்றிச் சமூகமே காயப்பட்டுள்ளதாதலின் மருத்துவமும் சமூகத்திலேயே தொடங்கவேண்டும் என்பது இம்முயற்சிகளின் அடிப்படைக் கொள்கையாம்.

மன்னார் மக்கள் இக்காயத்தை நன்கறிவர். 1990இல் பல்லாயிரவர் மடுத் தேவாலயச் சூழலில் அடைக்கலம் புகுந்தனர். பலர் கடல்கடந்து இராமேசுவரம் சென்றனர். அவ்வாண்டு ஒக்டோபரில் முஸ்லிம் மக்கள் தம் மண்ணினின்றும் வெளியேற்றப்பட்டனர். 2007 முதல் 2009 வரை மாவட்டத்தின் பல ஊர்கள் மீண்டும் இடம்பெயர்ந்தன. போர் பாதித்த மாகாணங்களில் 420 மாணவரிடம் நிகழ்த்தப்பெற்று 2009இல் வெளியான ஆய்வொன்று, அவருள் 92 வீதத்தினர் குண்டுவீச்சு, உறவினர் மரணம் போன்ற கொடிய அனுபவங்களைக் கண்டவர் என்றும், நால்வரில் ஒருவர் நெருக்கீட்டுக்குப் பிந்திய உளநோய்க்கு ஆளானவர் என்றும் கூறுகின்றது. இன்றைய இளைஞருட் பலர் போரை நினைவிற் கொள்ளாதவர். எனினும் அதனை மறவாத பெற்றோரின் மௌனத்தினிடையே வளர்ந்தவர்.

அரசும் தன் போக்கை மாற்றியது. 1995இல் இலங்கையில் இலட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலையால் மாண்டனர். கொடிய பூச்சிநாசினிகள் தடைசெய்யப்பட்டபின் அவ்வீதம் பத்தாண்டுகளில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. தற்கொலை முயற்சி 1998 முதல் குற்றமாகக் கொள்ளப்படுவதில்லை. 2005இல் வகுக்கப்பட்ட தேசிய உளநலக் கொள்கை, சேவையை மாவட்டங்களுக்கும் ஊர்களுக்கும் பரப்புதலை நோக்கமாகக் கொண்டது. வைத்தியசாலை கிட்டியது, மருந்தும் கிட்டியது.

ஆயின் இளைஞர் கிட்டினரா? உளநோய்களுட் பாதி 14 வயதுக்குள் தொடங்குகின்றன என உலகச் சுகாதார நிறுவனம் கூறுகின்றது. அவ்வயதினர் தாமாக வைத்தியசாலை செல்லார். செல்ல விரும்பினும், கிளினிக் வாயிலில் அயலார் காண்பரென்னும் நாணம் தடுக்கும். மகளின் திருமணம் தடைப்படுமென்னும் அச்சம் பெற்றோரைத் தடுக்கும். பாடசாலையை இடைநடுவே விட்டவர்க்கோ முகம் வாடியதைக் கண்டு வினவ ஆசிரியரும் இலர். முன்னாளில் 300 கிலோமீற்றராக இருந்த தொலைவு இன்று நாணமாக எஞ்சியுள்ளது. அன்றியும், துணையாக நிற்கும் ஊரே பழிகூறும் ஊராகவும் இருத்தலை நாம் மறைத்தலாகாது. ஆகவே உடனிருப்போன் அன்புடையனாதல் மட்டும் போதாது. பயிற்சி உடையனாதலும், கேட்டதைக் காப்பவனாதலும் வேண்டும்.

இது நிகழக்கூடியதே என்பதற்கு ஆபிரிக்கா சான்று பகர்கின்றது. சிம்பாப்வேயின் ஹராரே நகரில் 2006ஆம் ஆண்டளவில் டிக்சன் சிபண்டா என்னும் உளமருத்துவர், சுகாதாரப் பணியில் ஈடுபட்டிருந்த முதிய பெண்களுக்குப் பயிற்சியளித்து, சிகிச்சை நிலையங்களின் வெளியே மரவாங்கில்களில் இருத்தினார். துயருற்றோர் அவ்வாங்கிலில் அமர்ந்து பேசினர். அவர்தம் மனச்சோர்வு பொதுச் சிகிச்சை மட்டும் பெற்றோரினும் குறைந்தமை 2016இல் வெளியான ஆய்வால் உறுதிப்பட்டது. வாங்கிலும் மரநிழலும் எம்மிடத்தும் உள்ளன; நறுவிலிக்குளத்தின் பெயரிலேயே ஒரு மரம் உளது.

எனவே செய்யத்தக்கன சில. பாடசாலையில் ஆலோசனைக்குப் பொறுப்பான ஆசிரியர்க்கு வேறு பாடச்சுமை குறைத்து, மாணவன் தனித்துப் பேசுதற்குரிய அறையொன்று அளித்தல் வேண்டும். பாடசாலையை விட்ட இளைஞரை வாசிகசாலை, விளையாட்டுக் கழகம், கடற்றொழிலாளர் சங்கம் ஆகியவற்றின் வாயிலாக அணுகுதல் வேண்டும். குடும்பநல உத்தியோகத்தரும் மதப் பெரியாரும் நோய்க்குறிகளை அறிந்து உரிய காலத்தில் மருத்துவரிடம் அனுப்பப் பழகுதல் வேண்டும். ஆசிரியர் மருத்துவராதல் வேண்டா; செவிசாய்த்தலும், ஏளனஞ் செய்யாமையும், உடன்கூட்டிச் செல்லுதலுமே அவர்பால் வேண்டப்படுவன.

நம் மாணவருட் பலர் நாளை இத்தகைய ஊர்களில் ஆசிரியராகவும் உத்தியோகத்தராகவும் அமர்வர். பின்வாங்கில் ஒன்றில் பேச்சற்றிருக்கும் ஒரு பிள்ளையை அவர் காண்பர். அப்பிள்ளையின் அருகே ஒருகணம் அமர்பவரே மருத்துவத்தின் நான்காம் உறுப்பாவார். அவ்விடம் வெறுமையாக இராமற் காத்தல் கற்றோர் கடனாம்.