கால்வாயோரம் ஒரு சோடிச் சப்பாத்து

மார்கழியில் பாரிஸுக்குக் கிடைப்பது நாளொன்றுக்கு 8 மணித்தியாலத்துக்குச் சற்று மேலான வெளிச்சம். வேலைக்குப் போகிறவன் ஓட நினைத்தால் இருட்டில்தான் ஓடவேண்டும். சித்திரை மாதப் பாரிஸ் மரதனுக்கான அத்திவாரம் போடப்படுவதும் இந்த மாதங்களில்தான். வேகம் தேவையில்லை. பக்கத்தில் வருபவரோடு மூச்சு வாங்காமல் கதைத்துக்கொண்டு ஒன்றரை, இரண்டு மணித்தியாலம் ஓடினால் போதும். லாச்சப்பலில் எங்கள் ஆட்கள் சிலரும் இப்போது இப்படி ஓடுகிறார்கள். பெரும்பாலும் நாற்பது தாண்டியவர்கள், சலரோகம் என்று வைத்தியர் சொன்ன பிறகு தொடங்கியவர்கள். புதிதாக வருகிற ஒவ்வொருவரும் முதலில் கேட்பது எந்தச் சப்பாத்து வாங்குவது என்றுதான்.

சப்பாத்து என்ற சொல்லே கடல் கடந்து வந்தது. போர்த்துக்கேயரின் 'சப்பாத்து' யாழ்ப்பாணத்தில் அப்படியே தங்கிவிட்டது. பிரெஞ்சில் பழஞ்செருப்பைக் குறிக்கும் 'சவாத்' அதற்கு உறவுச் சொல். அதற்கு முன் எங்களிடம் காலணி இல்லையென்று நினைத்துவிடக் கூடாது. பெரும்பாணாற்றுப்படையில் 'தொடுதோல்' வருகிறது. அதை அணிந்து அணிந்து தழும்பேறிய இடையனின் பாதமும் வருகிறது. காலணி காலைக் காக்கும், கடிக்கவும் செய்யும் என்பதைச் சங்கப் புலவர் கவனித்திருக்கிறார்.

லாச்சப்பலிலிருந்து நீண்ட ஓட்டத்துக்கு வசதியான பாதை கால்வாய்தான். பெரிய தெருவைக் கடக்கும் தொல்லை குறைவு. மேம்பாலத்தில் ஓடும் 2ஆம் இலக்க மெற்றோவின் கீழே கிழக்கே போய், வில்லெத் நீர்த்தேக்கத்தைத் தாண்டினால் சென்-டெனிக் கால்வாய் பிரிகிறது. 1821இல் திறந்த கால்வாய் அது, நீளம் 6.6 கிலோமீற்றர். ஸ்டாட் து பிரான்ஸ் மைதானத்தை உரசிக்கொண்டு போய் செய்ன் நதியில் விழுகிறது. போய்த் திரும்பினால் வீட்டு வாசல்வரை 17 கிலோமீற்றருக்குக் குறையாது.

இந்தப் பாதையில் ஓடும் எங்கள் பிள்ளைகளுக்கு நான் தவறாமல் சொல்லும் பெயர் ஒன்று உண்டு: எல் உவாஃபி பூகெரா. அல்ஜீரியாவின் பிஸ்க்ரா பக்கத்தவர், பிரெஞ்சு இராணுவத்தில் இருந்தவர். 1924 பாரிஸ் ஒலிம்பிக் மரதனில் 7ஆவதாக வந்தார். பிறகு பியான்கூரிலிருந்த ரெனோ தொழிற்சாலையில் தொழிலாளி. நாளெல்லாம் இயந்திரத்தின் முன் நின்ற அதே கால்களோடு 1928 ஓகஸ்ட் 5ஆம் திகதி அம்ஸ்ரர்டாமில் மரதன் ஓடினார். ஆரம்பத்தில் அவர் முன்வரிசையில் இல்லை. தன் வேகத்தை மாற்றாமல் வந்து, முன்னால் போனவர்கள் களைத்த நேரத்தில் ஒவ்வொருவராகக் கடந்தார். 2 மணி 32 நிமிடம் 57 விநாடி. சிலி நாட்டு மனுவேல் பிளாசாவை 26 விநாடிகளால் முந்தி, பிரான்ஸுக்குத் தங்கம்.

அதன் பின் அமெரிக்காவில் பணத்துக்கு ஓடியதற்காக அமெச்சூர் தகுதியைப் பறித்தார்கள். வறுமையில் மறக்கப்பட்டார். 1956 மெல்பேணில் இன்னொரு அல்ஜீரியப் பிறப்பாளரான அலென் மிமூன் மரதன் வென்றபோதுதான், இப்படி ஒருவர் முன்னரே இருந்தாரே என்று பத்திரிகைகளுக்கு நினைவு வந்தது. மிமூனும் 1944இல் மொன்ரே கசினோ சண்டையில் காயம்பட்டு, ஒரு காலையே இழக்க இருந்தவர். அல்ஜீரியப் போர் நடந்துகொண்டிருந்த 1959 ஒக்ரோபரில் எல் உவாஃபி சென்-டெனியில் சுட்டுக் கொல்லப்பட்டார். யார், ஏன் என்பதற்குப் பல கதைகள் உண்டு. கல்லறை பொபினியில் இருக்கிறது. பதக்கம் வாங்கும்போது பிரெஞ்சுக்காரன், வேலை தேடும்போது அல்ஜீரியன். இங்கே வளரும் எங்கள் பிள்ளைகளுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையிருக்காது.

அவர் காலத்துச் சப்பாத்து தோலும் மெல்லிய அடியும்தான். அதை மாற்றிய கதையில் எனக்குப் பிடித்தது, ஓட்டத்தின் இரு பெரிய ஆசான்கள் சப்பாத்துத் தொழிற்சாலையிலிருந்து வந்தார்கள் என்பது. செக் நாட்டு எமில் சாட்டோபெக் பதினாறு வயதில் ஸ்லீன் நகரத்து பாட்டா தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனவர். பள்ளிக்கூடத்துக்கு நாங்கள் சுண்ணம் பூசிப் போட்டுப்போன வெள்ளைக் கன்வஸ் சப்பாத்தின் அதே பாட்டா. 1941இல் தொழிற்சாலை ஆட்களின் வற்புறுத்தலில்தான் முதற் பந்தயம் ஓடினார். பின்னாளில் குளிர்காலப் பயிற்சிக்கு அவர் போட்டது இராணுவச் சப்பாத்து. ஆனால் அவர் முறை குறுந்தூரத்தைத் திரும்பத் திரும்ப ஓடுவது. நீண்ட மெதுவோட்டத்தை உலகுக்குக் கற்றுக்கொடுத்தவர் நியூசிலாந்தின் ஆதர் லிடியாட். ஓக்லாந்தில் சப்பாத்துத் தொழிற்சாலையில் வேலை, இரவில் பால் விநியோகம். மத்தியதூர ஓட்டக்காரரையும் வாரம் 100 மைல் ஓடவைத்தார், ஞாயிறுகளில் மலைப்பாதையில் 22 மைல். தன் ஓட்டக்காரருக்குச் சப்பாத்தும் தானே செய்தார். 1960 ரோமில் அவர் சீடர் பீற்றர் ஸ்னெல் 800 மீற்றரிலும் மறி ஹல்பேர்க் 5000 மீற்றரிலும் தங்கம் வென்றார்கள்.

அமெரிக்கப் பயிற்றுநர் பில் பவர்மன் நியூசிலாந்து போனபோது, மூன்று மாரடைப்புக் கண்ட, எழுபது வயது தாண்டிய ஒருவர் அவரை மேட்டில் பின்தள்ளிவிட்டு ஓடினாராம். வியந்துபோய் ஊர் திரும்பி, சாதாரண மனிதருக்கான மெதுவோட்டத்தைப் பரப்பினார். நைக்கியின் இணை நிறுவனரும் அவர்தான். ஓட்டம் வீரர்களிடமிருந்து குடும்பஸ்தர்களிடம் வந்ததும், 1970களின் நடுவில் ஈவிஏ என்ற நுரை சப்பாத்தின் அடிக்குள் வந்ததும் தற்செயலல்ல. வயதும் எடையும் கூடியவர்கள் சீமெந்தில் ஓடத் தொடங்கியிருந்தார்கள்.

வெறுங்கால் வாதம் பேசுபவர்கள் 1960இல் ரோமில் வென்ற அபேபே பிக்கிலாவையும் எங்கள் பக்கத்து சிவ்நாத் சிங்கையும் காட்டுவார்கள். சிவ்நாத் 1978இல் ஜலந்தரில் ஓடிய 2 மணி 12 நிமிடத்தை நாற்பது வருடத்துக்கு மேலாக எந்த இந்தியரும் முறியடிக்கவில்லை. நல்லது. ஆனால் பிக்கிலா 1964இல் ரோக்கியோவில் சப்பாத்தோடுதான் ஓடி வென்றார். பிள்ளையார் தேரோடு ஃபோபூர் சென்-டெனித் தெருவில் நாங்கள் வெறுங்காலோடு நடப்பது கோடை முடிகிற நேரத்தில். தை மாத ஈரக் கற்பாதையில் அதைப் பரீட்சிக்க வேண்டாம்.

இனிக் கேள்விக்கு வருகிறேன். ஈவிஏ நுரை குளிரில் இறுகும். கடைக்குள் மெத்தென்றிருப்பது வெளியே 2 பாகையில் பலகையாகத் தோன்றும், ஆகவே மொத்தமான அடி நல்லது. காபன் தகடு வைத்த பந்தயச் சப்பாத்து மெதுவோட்டத்துக்கு வீண்செலவு. அடியில் ஒட்டியிருக்கும் இறப்பர், பளபளப்பாக இல்லாமல் ஈரத்தில் பிடிக்கிறதா என்று பாருங்கள். நீர்புகாச் சவ்வு வைத்தவற்றை நான் விரும்புவதில்லை. கணுக்கால் வழியாக உள்ளே போன தண்ணீர் வெளியே வராது. தடித்த கம்பளிக் காலுறையோடு, பின்னேரம், கால் சற்று வீங்கியிருக்கும்போது போட்டுப் பாருங்கள். சலரோகம் உள்ளவர்கள் ஓடி வந்ததும் பாதத்தை விளக்கு வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். உணர்ச்சி குறைந்த காலுக்குக் கடித்தது தெரியாது.

விலைதான் எங்கள் ஆட்களுக்குக் கடினம். '180 யூரோவோ? உந்தக் காசை ஊருக்கு அனுப்பலாம் தம்பி' என்று எனக்கே சொன்ன அண்ணை ஒருவர் இருக்கிறார். முப்பது வருடம் உணவகச் சமையலறையில் நின்ற கால் அவருடையது. அவருக்கு நான் சொன்னது லக்சம்பேர்க் ஆய்வு ஒன்றை. 264 ஓட்டக்காரரை 22 வாரம் கவனித்ததில், ஒன்றுக்கு மேற்பட்ட சோடியை மாற்றி மாற்றிப் போட்டவர்களுக்குக் காயம் 39 சதவீதம் குறைவு. ஆகவே 180 யூரோவுக்கு ஒன்று வேண்டாம். போன வருட மாதிரியில் மலிவாக வரும் இரண்டு வாங்கலாம். ஒன்று ஓடும்போது மற்றது காயும். ஹீற்றரில் வைக்காதீர்கள், பசை விட்டுவிடும். உள்ளே பத்திரிகைத் தாளைக் கசக்கி அடைத்து விடுங்கள். லாச்சப்பல் கடைவாசல்களில் இலவசத் தமிழ் விளம்பரப் பத்திரிகைக்குக் குறைவில்லை.