கீழக்கரைத் தூண்களும் ஹந்தஸாக் கலையும்

பள்ளிவாசல் என்றதும் குவிமாடமும் மினாராவுமே இன்று நம் கண்முன் வந்து நிற்கின்றன. பழைய பள்ளியை இடித்துப் புதிது கட்டும் ஊர்களில், "இவை கோயில் தூண்கள் போலிருக்கின்றன" என்று சொல்லிக் கருங்கல் தூண்களை அகற்றுவாரும் உளர். அகற்றுமுன் அத்தூண்களில் இருப்பது யாது என்று பார்த்தல் நலம்.

கீழக்கரை ஜும்ஆப் பள்ளி 17ஆம் நூற்றாண்டைச் சார்ந்தது. வள்ளல் சீதக்காதி எனும் செய்கு அப்துல் காதிர் மரைக்காயரின் பெயரோடு இணைத்துப் பேசப்படுவது; அவர்தம் அடக்கத்தலமும் அங்கேயே உள்ளது. வரிசை வரிசையாய்க் கல்தூண்கள், அவற்றின்மேல் போதிகைகள், தட்டையான கற்கூரை. கட்டியோர் தமிழகக் கற்றச்சர் மரபினர் என்பதற்கு வேறு சான்று வேண்டா. ஆயினும் கோயில் மண்டபத்தில் உருவச் சிற்பங்கள் அமையும் இடங்களில் இங்கே பூவும் கொடியும் கோட்டணிகளுமே உள்ளன.

அடியில் சதுரமாய் எழும் தூண் இடையில் எண்பட்டையாகி மேலே மீண்டும் சதுரமாவது இம்மண்ணின் தொன்மையான முறை. எங்கள் பண்டசோழநல்லூருக்கு வடமேற்கே, விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டில், 7ஆம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த குகையிலேயே இதனைக் காணலாம்.

அரபியில் வடிவக் கணிதத்தை 'ஹந்தஸா' என்போம். அளவு எனப் பொருள்படும் 'அந்தாஸா' என்ற பாரசீகச் சொல்லே அவ்வாறு திரிந்தது. பக்தாதில் வாழ்ந்த அபுல் வஃபா அல்பூஸ்ஜானீ (940–998) கைவினைஞர்க்கு வேண்டிய ஹந்தஸாவைப் பற்றித் தனி நூலே இயற்றினார். கணித வல்லாரும் கைவினைஞரும் ஒருங்கே கூடி வழக்காடிய அவையில் தாம் இருந்ததையும் அதில் குறிக்கிறார். நம் மதரஸாக்களில் இந்நூலின் பெயரையேனும் சொல்லித் தருகிறோமா?

சதுரம் ஒன்றின் நான்கு மூலைகளிலும் கவராயத்தை ஊன்றி, மூலைவிட்டத்தில் பாதியளவுக்கு வில் வரைக. பக்கங்களில் எட்டுப் புள்ளிகள் விழும்; இணைத்தால் எண்கோணம். பத்து அங்குலச் சதுரமானால் கவராயத்தின் அகலம் ஏறத்தாழ ஏழு அங்குலம். இனி, ஒரு சதுரத்தின்மேல் அதே அளவான இன்னொன்றை அரைச் செங்கோணம் திருப்பி வைத்துப் பாருங்கள். புறத்தே எண்முனை நட்சத்திரம். உள்ளே எஞ்சுவது அதே எண்கோணம். மதீனா முஸ்ஹஃபில் ஹிஸ்பின் காற்பகுதியைக் காட்டும் குறியும் இவ்வடிவே. கெய்ரோவில் 879இல் கட்டி முடிந்த இப்னு தூலூன் பள்ளியின் சுதை வேலைப்பாடுகளும் இத்தகைய கோட்டுக் கணக்கிலேயே விரிகின்றன.

ஆகவே கீழக்கரைத் தூணின் எண்பட்டையும் அரபு நாட்டு நட்சத்திரமும் ஒரே கணக்கின் இரு முகங்கள். தமிழ்ச் சிற்பி அரபு நூல் கற்றிருக்க வேண்டியதில்லை. கயிறும் கவராயமும் எங்கும் ஒன்றே. நட்சத்திரக் கோலம் மார்க்கத்தின் கட்டளை என்றும் எவரும் மயங்க வேண்டா. மதீனாவில் நபிகள் நாயகம் (ஸல்) எழுப்பிய பள்ளியின் தூண்கள் பேரீச்சையின் அடிமரங்களே.

ஓர் ஊரில் பழைய தூண்களை எடுத்துவிட்டு, புதுச் சுவரில் எண்முனை நட்சத்திரம் அச்சிட்ட ஓடுகளைப் பதித்திருந்தனர். "இப்போதுதான் இஸ்லாமியக் களை வந்தது" என்றனர் அவ்வூரார். அகற்றிய தூண்களில் ஒன்று ஹவுளுக்குப் பின்புறம் துவைகல்லாய்க் கிடந்தது. அதன் எட்டுப் பட்டைகளும் மழுங்காமல் இருந்தன.