தொட்டில் இருக்கிறது, குழந்தை எங்கே?

ஓவியம் பொய் சொல்லுமா? சொல்லும். அரசாங்கத்தின் பணத்திலே தீட்டப்படுமானால் அழகாகவே சொல்லும்!

கனடா நாடு பிறந்த கதையைச் சித்திரிக்க, ராபர்ட் ஹாரிஸ் என்னும் ஓவியர் 1884இல் ஒரு பெரும் படத்தைத் தீட்டி முடித்தார். 1864ஆம் ஆண்டு கியூபெக் மாநாட்டில் கூடிய தலைவர்கள் அதிலே காட்சி தருகிறார்கள். கருப்பு அங்கி, கனத்த தாடி, கம்பீரப் பார்வை! எந்த மண்ணைப் பற்றிப் பேசினார்களோ, அந்த மண்ணின் மைந்தன் ஒருவன்கூட அங்கே இல்லை. அழைக்கப்படாதவனை ஓவியர் எவ்வாறு தீட்டுவார் என்று கேட்பார் உளர். கேள்வி சரியே. ஆயினும், மாநாட்டிலே நாற்காலி மறுக்கப்பட்டவன் வரலாற்றிலேயே இல்லாதவனாகிப் போனதற்கு அந்தப் படமும் துணைநின்றது. மூலப் படம் 1916இல் நாடாளுமன்றக் கட்டடத்தோடு தீக்கு இரையாயிற்று. அதன் படிகளோ ஏடுகளில் வாழ்ந்துகொண்டிருந்தன.

2017இல் கனடா தன் 150ஆம் ஆண்டு விழாவைக் கொண்டாடிற்று. வாணவேடிக்கைக்கு நாடு ஆயத்தமாகிக்கொண்டிருந்த அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே, டொரொன்டோ பல்கலைக்கழகக் கலைக்கூடத்தில் கென்ட் மாங்க்மன் தனியொருவராக ஒரு கண்காட்சி அமைத்தார். கிரீ என்னும் தொல்குடியைச் சேர்ந்த ஓவியர் அவர். பிறந்த ஆண்டு 1965. கண்காட்சியின் பெயரைத் தமிழில் சொன்னால், 'வெட்கமும் காழ்ப்பும்: நிமிர்ந்தெழுந்த ஒரு கதை'. அங்கே ஹாரிசின் படத்தை மாங்க்மன் திரும்பத் தீட்டியிருந்தார். அதே தலைவர்கள், அதே மேசை. ஆனால், அவர்கள் முன்னே ஆடையின்றி அமர்ந்திருக்கிறாள் மிஸ் சீஃப்! ஓவியர் படைத்த பாத்திரம் அவள். குறும்பு எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் ஒலி அந்தப் பெயரிலேயே இருக்கிறது. ஆபாசம் என்று முகஞ்சுளிக்கும் பெரியோரை நாம் ஒன்று கேட்போம்: ஒரு மக்களின் நிலத்தையே பறித்தவர்கள் முன்னே ஆடையில்லாமை ஒரு குற்றமா?

மாங்க்மன் தம் படங்களை மட்டும் மாட்டவில்லை. அருங்காட்சியகங்களின் கண்ணாடிப் பேழைகளில் உறங்கிய பழம்பொருள்களையும் கேட்டு வாங்கி, படங்களுக்கு அருகே வைத்தார். நீண்டதொரு விருந்து மேசை. ஒரு முனையிலே பளபளக்கும் பீங்கான். மறுமுனையிலே வெறும் பலகையும் எலும்பும்! பின்னணி தெரிந்தவர்க்கு நெஞ்சம் பதறும். காட்டெருமைக் கூட்டங்கள் அழிந்து சமவெளி மக்கள் பட்டினியில் வாடியபோது, செலவைக் குறைப்பதற்காக, பட்டினியின் விளிம்புவரை உணவை மறுத்தே வைத்திருக்கிறோம் என்று பிரதமர் மெக்டொனால்டு 1882இல் நாடாளுமன்றத்திலேயே சொன்னார். பெருமையாகச் சொன்னார்!

ஆனால், நாம் நெடுநேரம் நிற்கவேண்டிய இடம் வேறு. தொல்குடித் தாய்மார் குழந்தையைக் கட்டி முதுகிலே சுமக்கும் பலகைத் தொட்டில்கள் ஒரு சுவரிலே வரிசையாக மாட்டப்பட்டிருந்தன. மணி கோத்தவை, மலர்வேலை செய்தவை. இடையிடையே தொட்டில் இல்லை; சுண்ணக் கோட்டால் வரைந்த வடிவம் மட்டுமே. கொலை நடந்த இடத்தில் காவலர் வரையும் கோடு போல! அருகே, மூன்று மீட்டருக்கும் மேல் அகலமுள்ள 'அலறல்' என்னும் ஓவியம். சிவப்புச் சட்டைக் காவலரும், பாதிரிமாரும், கன்னிமாரும் பிள்ளைகளைப் பிடுங்கி இழுக்கிறார்கள், தாய்மார் கதறுகிறார்கள், சில பிள்ளைகள் காட்டை நோக்கி ஓடுகிறார்கள்.

இது கற்பனையன்று. அரசு பணம் தந்தது, திருச்சபைகள் உறைவிடப் பள்ளிகளை நடத்தின. 1920இல் சட்டம் போட்டுப் பிள்ளைகளைக் கட்டாயமாக்கினார்கள். தாய்மொழி பேசினால் அடி. பெற்றோரின் வழிபாடு பேய்வழிபாடாம்! 1,50,000 பிள்ளைகள் அவற்றுள் அடைக்கப்பட்டனர். கடைசிப் பள்ளிகள் மூடப்பட்டது 1990களில்தான். இறந்த பிள்ளைகளில் 3,200 பேருக்கு மேற்பட்டோரை உண்மை அறியும் ஆணையம் 2015இல் கணக்கிட்டது. அரசு 2008இல் மன்னிப்புக் கோரிற்று. 'அன்பே கடவுள்' என்று போதித்த சபையின் தலைவர் போப்பாண்டவர், கனடா மண்ணிலே மன்னிப்புக் கேட்க 2022 ஆயிற்று.

தொட்டிலை அருங்காட்சியகம் பத்திரமாகக் காத்தது; பூச்சி அரிக்காமல் காத்தது. அதிலே கிடந்த குழந்தையைக் காக்க எவருமில்லை.

இன்னொரு கூடத்திலே, கரவாஜியோ தீட்டிய கன்னி மரியாளின் மரணம் இக்கால மருத்துவமனைக்கு வந்துவிட்டது. கட்டிலிலே கிடப்பவள் தொல்குடி இளம்பெண். சுற்றி நின்று அழுவோர் அவள் சுற்றத்தார். காணாமற்போன, கொல்லப்பட்ட தொல்குடிப் பெண்களைப் பற்றி நாடே 2016 முதல் 2019 வரை விசாரணை நடத்திக்கொண்டிருந்த காலம் அது. வேறு படங்களிலே வின்னிபெக் நகரின் ஏழ்மைத் தெருக்களும் உண்டு. மாங்க்மன் வளர்ந்த நகரம் அது. 2019இல் அந்நகரின் கலைக்கூடத்துக்கே கண்காட்சி சென்றது. படத்திலிருந்த தெருக்கள், கூடத்தின் வாயிலிலிருந்து நடந்து போகும் தொலைவில்தான் இருந்தன.