வாதத்தை வரைந்து காட்டிய வரலாறு

ஒரு முடிபை நிறுவுதற்கு எவ்வெவ்வுறுப்புக்கள் வேண்டும் என்பதை ஆராய்ந்தோர் பண்டைக்காலந்தொட்டே உளர். மணிமேகலையின் 29ஆம் காதை பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என ஐந்து உறுப்புக்களைக் கூறுகின்றது. இவை தனியோர் அனுமானத்துக்கு உரியவை. ஆயின், பல அனுமானங்கள் ஒன்றன்மேலொன்றாய் அடுக்கப்பெற்று ஒரு பெருமுடிபைத் தாங்கிநிற்குமிடத்து, எஃது எதனைத் தாங்குகின்றது என்பதை எங்ஙனம் காண்பது? மேனாட்டறிஞர் 19ஆம் நூற்றாண்டில் அதற்கு ஒரு வழி கண்டனர்.

1826இல் அளவையியலின் மூலங்கள் பற்றி நூல் வெளியிட்ட ஒக்ஸ்போட் அறிஞர் றிச்சட் வேற்லி, பின்னர் டப்ளின் நகரின் அதிமேற்றிராணியாராயினார். அந்நூலின் பிற்பதிப்பொன்றிலே, முடிபை முதலில் எடுத்துவைத்து, இஃது எதனாற் பெறப்பட்டது என வினவிப் பின்னோக்கிச் செல்லும் முறையை விளக்கி, வாதத்தைக் கிளைவிடும் மரம்போல வரைந்து காட்டினார்.

இம்முறையின் பயன் நீதிமன்றத்தை நோக்கியவிடத்தே நன்கு புலனாயிற்று. சிக்காகோவில் நோத்வெஸ்ரேண் பல்கலைக்கழகச் சட்டபீடாதிபதியாயிருந்த யோன் கென்றி விக்மோர், சான்றுகளை வரையும் முறையொன்றை 1913இல் வெளியிட்டார். சாட்சிமொழிக்குச் சதுரம், சூழ்நிலைச் சான்றுக்கு வட்டம் எனக் குறிகள் வகுத்தார். அவர் எடுத்தாராய்ந்தவற்றுள் ஒன்று, 1901இல் தீர்ப்பான மசச்சூசெற்ஸ் மாநிலக் கொலைவழக்கு. கொலையுண்டவன், எதிரியின் திருமணத்தைத் தடுக்க அவன்மீது பொய்க்குற்றஞ் சுமத்தியவன். ஆகவே எதிரி பழிவாங்கினான் என்பது வழக்குத்தொடுநர் வாதம். ஆயின் அத்திருமணம் பின்னர் நிறைவேறியது. எனவே சினந் தணிந்திருக்கலாமன்றோ? கதையாகக் கேட்குங்கால் நழுவிப்போகும் இவ்வையத்துக்கு, வரைபடத்திலே தனியிடம் உண்டு. ஒருவனுடைய உயிரோ விடுதலையோ தங்கியிருக்கும் வழக்கில் இது சிறிய பயனன்று.

எனினும், எதனை நம்பவேண்டும் என்பதை வரைபடம் கூறாது. நமது நம்பிக்கை எத்தூண்கள்மீது நிற்கின்றது என்பதையே அது காட்டும் என்று விக்மோரே ஒப்புக்கொண்டார். சட்டத்தரணிகளும் அம்முறையைப் பெரிதும் கைக்கொண்டிலர்.

அது வேரூன்றியது வகுப்பறையிலேயாம். 1950இல் மொன்றோ பியேட்ஸ்லி கூற்றுக்களுக்கு எண்ணிட்டு அம்புக்குறிகளால் இணைத்துக் காட்டினார். 1958இல் ஸ்ரீபன் ரூல்மின், தரவிலிருந்து முடிபுக்குச் செல்ல உரிமைதரும் பொதுவிதிக்கும், அம்முடிபை விலக்கும் நிலைமைகளுக்கும் தனித்தனி இடம் வகுத்தார்.

சொல்வன்மை மிக்கோன் தன் வாதத்தின் நலிந்த பகுதியை விரைந்து கடந்துவிடலாம். வரைபவனுக்கு அது இயலாது. ஒவ்வோர் அம்புக்குறியும் ஏன் என்னும் வினாவுக்கு விடை கேட்டு நிற்கும். பிறர் வாதத்தை மறுக்கப் புகுமுன் தன் வாதத்தை வரைந்து பார்க்கும் மாணவனே இவ்வரலாற்றின் முழுப்பயனையும் பெறுவான்.