வெளிமாறுகண்: அறுவை ஒரு கண்ணிலா, இரு கண்ணிலுமா?

வெயிலில் நிற்கும் பிள்ளை ஒரு கண்ணை மூடிக்கொண்டால் ‘கண் கூசுகிறது’ என்று விட்டுவிடுகிறோம். களைத்த நேரத்தில் கண் வெளிப்பக்கம் ஒதுங்கினால் ‘மாறுகண் அதிர்ஷ்டம்’ என்கிறோம். மலேசியாவின் கெடா மாநிலத்தில் சுங்கை லாலாங், பீடோங் வட்டாரத் தோட்டக் குடும்பங்களுக்கும் இந்தப் பேச்சு புதிதல்ல. வெயிலில் ஒரு கண்ணை மூடுவதும் களைப்பில் கண் ஒதுங்குவதும் விட்டுவிட்டு வரும் வெளிமாறுகண்ணின் அடையாளங்கள். ஆசியப் பிள்ளைகளிடம் இந்த வகை மிகுதி. 2010இல் வெளியான சிங்கப்பூர் ஆய்வு, சீன மழலையரிடம் கண் உட்பக்கம் திரும்பும் உள்மாறுகண் ஒன்றுக்கு வெளிமாறுகண் ஏழு எனக் கண்டது.

அறுவை முறைகள் முக்கியமாக இரண்டு. இரு கண்களிலும் வெளிநேர்த்தசையைப் பின்தள்ளித் தைப்பது ஒன்று. ஒரே கண்ணில் வெளிநேர்த்தசையைப் பின்தள்ளி, உள்நேர்த்தசையில் ஒரு துண்டை வெட்டிச் சுருக்குவது மற்றொன்று. விலகல் 25 பிரிசம் டயாப்டர் (விலகலை அளக்கும் அலகு) என்றால், முதல் முறையில் ஒவ்வொரு கண்ணிலும் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் பின்தள்ளுவது வழக்கம்.

எது மேல்? கண் மருத்துவர் குஷ்னர் 1998இல், தூரத்திலும் அருகிலும் விலகல் ஒத்திருக்கும் அடிப்படை வகையில், ஒரு கண் முறைக்கு 82 விழுக்காடும் இரு கண் முறைக்கு 52 விழுக்காடும் வெற்றி கண்டார். 2012இல் கொரிய ஆய்வொன்று இதைத் தலைகீழாக்கியது: நாள்பட்ட வெற்றி இரு கண் முறைக்கு 58, ஒரு கண் முறைக்கு 27. அது பழைய பதிவேடுகளைத் திரும்பிப் பார்த்த ஆய்வு. யாருக்கு எந்த முறை என்பதை அங்கே குலுக்கல் தீர்மானிக்கவில்லை. ஆகவே அமெரிக்கக் குழந்தைக் கண்நோய் ஆய்வுக் குழு 3 முதல் 10 வயதுவரையான 197 பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த சோதனைக்கே நான் கூடுதல் எடை தருகிறேன். மூன்றாண்டில் குறைபட்ட பலன் இரு கண் முறையில் 46 விழுக்காடு, ஒரு கண் முறையில் 37. இந்த வேறுபாடு புள்ளியியல் உறுதி பெறவில்லை. எட்டாண்டில் மறு அறுவைக்குப் போனவர்களோ முறையே 30, 11 விழுக்காடு. இதன் உறுதியும் நூலிழையில்தான் நிற்கிறது. ஆயினும் நம் பிள்ளைகளுக்கு முதலில் பார்க்கவேண்டிய எண் இதுதான்.

காரணம், மறு அறுவை என்பது மீண்டும் ஒரு மயக்க மருந்து, மீண்டும் சுங்கைப் பட்டாணிக்கோ அலோர் ஸ்டாருக்கோ அலைச்சல், நாட்கூலிக்காரருக்குப் பல நாள் சம்பள இழப்பு. ஒரு கண் முறையில் மற்றக் கண்ணின் தசைகள் தொடப்படாமல் இருக்கும். பின்னாளில் தேவைப்பட்டால் அவை கைகொடுக்கும்.

ஒரு கண் முறைக்கும் விலை உண்டு. வெட்டிய தசை திரும்பாது. கண் உட்பக்கம் மிகுதியாகத் திரும்பிச் சில வாரம் இரட்டைப் பார்வை வரலாம். இமையிடைவெளி சற்றுக் குறுகலாம். ஒரு கண்ணை மறைத்துச் சோதித்த பின்னும் தூரத்து விலகலே மிகுந்திருந்தால், மரபாகச் செய்யும் இரு கண் முறையை நானும் மறுக்கவில்லை.

அடிப்படை வகை வெளிமாறுகண்ணோடு வரும் தோட்டத்துப் பிள்ளைக்கு முதல் அறுவை ஒரு கண்ணில் செய்வதே தகும்.