குடுமியான்மலையின் இசைப் பாறை

புதுக்கோட்டை மாவட்டம் குடுமியான்மலையில், மேலைக்கோயில் எனப்படும் குடைவரையை ஒட்டிய பாறையில் ஓர் இசைக் கல்வெட்டு இருக்கிறது. பல்லவ கிரந்த எழுத்து. எழுத்தமைதியைக் கொண்டு 7ஆம் நூற்றாண்டு என்பர். மத்தியமகிராமம், ஷட்ஜகிராமம், ஷாடவம், சாதாரிதம், பஞ்சமம், கைசிகமத்தியமம், கைசிகம் என ஏழு பண்டைய ராகங்களுக்கு ஏழு பகுதிகள். நந்நான்கு சுரங்களாகக் கோத்த வரிசைகள். ஒரே சுரம் ச, சி, சு, செ என உயிர் மாறி வருகிறது. அந்த மாற்றம் எதைக் குறிக்கிறது என்பதில் இன்றும் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எழுத்தைத் தட்டியதும் உலாவியில் இசை எழுப்பும் இன்றைய நிரல்மொழிகளும், சில எழுத்துகளிலேயே இசையை அடக்கும் இதே சிக்கனத்தைத்தான் நாடுகின்றன. வேறுபாடு ஒன்று: பாறைக் குறியீட்டை இயக்க ஓர் இசைக்கலைஞர் வேண்டும்.

ருத்ராசாரியரின் மாணாக்கரான, பரம மாகேசுவரரான (சிறந்த சிவபக்தரான) ஓர் அரசர் மாணவர்களுக்காக இயற்றியது என்கிறது கல்வெட்டின் இறுதிக் குறிப்பு. அரசரின் பெயர் இல்லை. பல்லவ மன்னன் மகேந்திரவர்மனே அவர் என்பது பரவலான கருத்து; ஆனால் உறுதியான சான்று கிடையாது. 1904இல் கண்டறியப்பட்ட இதைப் பி.ஆர். பண்டார்கர் எபிகிராபியா இண்டிகா என்னும் கல்வெட்டியல் வெளியீட்டின் 12ஆம் தொகுதியில் பதிப்பித்தார்.

அதே மாவட்டத்தின் திருமயத்திலும் இத்தகைய இசைக் கல்வெட்டு இருந்தது. பிற்காலத்தார் அதன் பெரும்பகுதியை அழித்து, அதன்மேல் வேறு சாசனம் வெட்டிவிட்டனர்.