பெரிய பிளைனியும் குடவாசல் தோப்பியும்

டிஸ்கி: மது உடல்நலத்துக்குக் கேடு. எங்க வீட்டுக்கும் கேடாத்தான் இருந்தது, அது கடைசியில் வருது.

போன மாதம் கலிஃபோர்னியாவில் நண்பர் வீட்டில் 'பிளைனி த எல்டர்' என்ற பியரைக் குடித்தேன். சாண்டா ரோசாவில் இருக்கும் ரஷ்யன் ரிவர் ஆலையின் சரக்கு. 8 சதவீதம் ஆல்கஹால். நம்ம ஊர் 'ஸ்ட்ராங்' பியரும் எட்டு வரைக்கும் போகும். ஆனா அது இனிப்பா இறங்கி மறுநாள் தலையில் ஏறி உட்காரும் ஜாதி. இது வேற.

ஊற்றும்போதே வாசனை தூக்கியது. முதலில் நார்த்தங்காய்த் தோலைக் கிள்ளின மாதிரி. அப்புறம் மழை விட்டதும் சவுக்குத் தோப்புக்குள் நடந்த மாதிரி. அடியில் லேசாகக் குங்கிலியம். முதல் மடக்கில் கொஞ்சம் இனிப்பு, உடனே கசப்பு. அடிநாக்கில் போய் உட்கார்ந்த கசப்பு அஞ்சு நிமிஷம் எழுந்திருக்கவே இல்லை. கூட இருந்த குஜராத்தி நண்பர் முகத்தைச் சுளித்தார். சுண்டைக்காய் வற்றலிலும் வேப்பம்பூ ரசத்திலும் வளர்ந்த நாக்குக்கு இதெல்லாம் ஒரு கசப்பா? எனக்கு ஞாபகம் வந்தது வேப்பிலைக்கட்டிதான். நார்த்த இலையும் எலுமிச்சை இலையும் மிளகாயும் சேர்த்து இடித்து, தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்வோமே, அதே வாசனை.

வேப்பிலைக்கட்டியில் வேப்பிலை கிடையாது. இந்தியா பேல் ஏலிலும் இந்தியா கிடையாது :-)

அந்தக் கதையைச் சொல்லணும். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் லண்டன் கிழக்கே, போ என்ற இடத்தில் ஹாட்ஜ்ஸன் என்பவர் ஆலை வைத்திருந்தார். கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் கிளம்பும் துறைக்கு அது பக்கம். கப்பல்காரர்களுக்குத் தாராளமாகக் கடனும் கொடுத்தார். அவர் பியர் கல்கத்தா, பம்பாய், மதராஸ் என்று வந்து இறங்கியது. நாலைந்து மாதக் கடல் பயணம், இரண்டு முறை பூமத்திய ரேகையைத் தாண்டணும். ஹாப்ஸ் என்பது கஞ்சா குடும்பத்துக் கொடி ஒன்றின் பூ. பியருக்குக் கசப்பு தருவது அதுதான், கெடாமல் காப்பதும் அதுதான். ஆகவே வெயில் நாட்டுக்குப் போகும் பியரில் அதைக் கூடுதலாகப் போட்டார்கள். இந்தியாவுக்காகவே ஒருத்தர் மூளையைக் கசக்கிக் கண்டுபிடித்தார் என்பதெல்லாம் பின்னால் கட்டிய கதை. பேல் ஏல் ஏற்கெனவே இருந்தது, 'இந்தியா' என்ற பெயர்கூட 1820-களின் கடைசியில்தான் விளம்பரங்களில் ஒட்டிக்கொண்டது. 1994-ல் கலிஃபோர்னியாவில் வின்னி சிலுர்ஸோ அதையே இரட்டிப்பு ஹாப்ஸ் போட்டுக் காய்ச்சினார். பிளைனியும் அவருடையதுதான். ஆனா கடல் தாண்டித் தாங்கணும்னு பிறந்த வம்சத்தின் பேரன், சீக்கிரம் குடிச்சிடு, வைத்திருக்காதே என்று லேபிளிலேயே கெஞ்சுகிறான். நம்ம கள்ளு மாதிரி.

பிளைனி யார்? கி.பி. 79-ல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது செத்துப்போன ரோமானியர். அவர் குறிப்பிட்ட ஒரு செடி ஹாப்ஸ்தான் என்று ரொம்ப நாளாக நம்பியதால் இந்தப் பெயர் (இப்போ அதிலும் சந்தேகம்). நமக்கு அவரைத் தெரிந்தது வேற விஷயத்துக்காக: வருஷத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ் காசு இந்தியாவுக்குப் போகுதே என்று புலம்பினவர். அந்தக் காசு மிளகுக்குத்தான் அதிகம் வந்தது. பதிலுக்கு யவனர் கொண்டுவந்தவற்றில் மதுச் சாடியும் உண்டு. நக்கீரர் பாண்டியன் நன்மாறனிடம் அதைக் குடித்து மகிழச் சொல்வது புறநானூற்றில் இருக்கிறது.

நிற்க. யவனர் வருவதற்கு நம்ம ஆட்கள் வாயைத் திறந்து காத்திருந்தார்களா என்ன? காவிரிப்பூம்பட்டினத்தில் கள் விற்கும் கடைக்கு மேலே கொடி பறந்ததைப் பட்டினப்பாலை சொல்கிறது. அதே கடியலூர் உருத்திரங்கண்ணனார் பெரும்பாணாற்றுப்படையில், தொண்டை நாட்டு வலைஞர் வீட்டில் காய்ச்சும் முறையையே கொடுத்துவிட்டார். தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற தட்டில் ஆறவைத்து, முளை அடையை அதில் கலந்து, இரண்டு பகல் இரண்டு இரவு சாடியில் மூடி வைத்து, பச்சை வாடை போனதும் விரலால் அலைத்துப் பிழிகிறார்கள். முளைகட்டின தானியம், மாவுச்சத்து, புளிப்பு. உலகம் பூரா பியருக்கு இதுதான் இலக்கணம். ஹாப்ஸ் மட்டும்தான் இல்லை.

நெல்லில் செய்த கள்ளுக்குத் தோப்பி என்று ஒரு பேர். அகநானூறு 35-ல் நடுகல்லுக்குத் தோப்பிக் கள் படைக்கிறார்கள். பாடினவர் குடவாயிற் கீரத்தனார். குடவாயில் என்றால் குடவாசல், எங்க ஊருக்குப் பக்கத்து ஊர்! இதைப் படித்த அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இத்தனை நெல் விளையும் பூமியில் இப்போ அந்தச் சொல்லே யாருக்கும் தெரியாது. ஜார்க்கண்டில் ஹண்டியா இருக்கு, அருணாசலத்தில் ஆப்பாங் இருக்கு. நம்மிடம் மிஞ்சியது பழையசோத்து நீராகாரம்தான். 1886 அப்காரிச் சட்டம், 1937-ல் சேலத்தில் ராஜாஜி தொடங்கிய மதுவிலக்கு, 1948-ல் மாகாணம் முழுக்க, 1987-ல் கள்ளுக்குத் தடை. இத்தனை சட்டத்துக்கும் நடுவில் டாஸ்மாக் ஸ்ட்ராங் பியர் மட்டும் எப்படியோ தப்பிப் பிழைத்திருக்கு.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு போன் போட்டு, "கீரத்தனார் நம்ம பக்கத்து ஊர்க்காரராம்ப்பா, அரிசிக் கள்ளைப் பாடியிருக்கார், உங்க காலத்துல யாராச்சும் காய்ச்சினாங்களா?"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. 80-களில் சாராயக் கடை ஏலம் விட்ட நாட்களில் பெரியப்பா ஒரு குறுவை நெல் காசை அப்படியே கடையில் கொடுத்துவிட்டு வந்ததும், மூணு வருஷத்தில் போய்ச் சேர்ந்ததும் எனக்கும் தெரியும். தெரிந்தும் கேட்டுவிட்டேன்.

"கீரத்தனார் பாடுவாருடா. அவருக்கு என்ன, அவரு அண்ணன நான் தூக்கிட்டு வரல"ன்னார்.

அப்புறம் மேட்டூர் தண்ணி வந்துச்சான்னு கேட்டேன். எங்க வாய்க்காலுக்கு இன்னும் வரலையாம்.